ஒன்பதாவது குச்சி

சாத்தனேந்தல் கண்மாய்க்குக் கீழே ஏழு வயல்களுக்கு ஒரே காலையில் தாகம் தீர்ந்துபோயிருந்தது.

மார்கழி பிறந்து பத்து நாளாகியும் மழை இல்லை. கண்மாயில் கிடந்த தண்ணீர் இன்னும் பன்னிரண்டு நாளைக்குத்தான் காணும். அப்படியிருக்க, முந்தின நாள் வரை தவித்துக்கொண்டிருந்த ஏழு வயல்களும் ஒரே குரலில் "போதும்" என்று சொன்னால் அதை எப்படி நம்புவது?

மங்கையர்க்கரசி நம்பவில்லை. ஆய்வு நிலையத்தில் தன் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்த ஏழு வயல்களின் சத்தத்தை ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

பயிருக்குத் தண்ணீர் குறைந்தால் அதன் தண்டுக்குள் ஓடும் நுண்ணிய நீரிழைகள் அறுந்து, 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். மனிதக் காதுக்கு அது எட்டாது. அதைக் கேட்பதற்காக ஒரு கோலைச் செய்து, வயலுக்கு ஒன்றாக நட்டு, எந்த வயல் எவ்வளவு தவிக்கிறதோ அதற்கேற்ப வாய்க்கால் கதவு தானே திறக்கும்படி அமைப்பதற்கு அவளுக்கு ஏழு வருடம் பிடித்தது. நிலையத்தின் காகிதங்களில் அதற்கு 'வேர்ச்செவி' என்று பெயர். சாத்தனேந்தலில் 'காதுக்குச்சி' என்றார்கள். முதல் நாளே ஒருவர், "இதை எந்தக் காதுல விட்டுக் குடையணும் தாயி?" என்று கேட்டு ஊரையே சிரிக்க வைத்தார்.

இப்போது அந்தக் குச்சிகளில் தாகத்தின் 'டிக்' இல்லை. ஆனால் காலை ஆறு மணிக்கு வேறொன்று கேட்டது. மணியோசை. மூன்று அடி, சற்று இடைவெளி, மூன்று அடி, இடைவெளி, மூன்று அடி, பிறகு தொடர்ந்து ஒன்பது. சாத்தனேந்தல் மாதா கோயிலில் மூவேளை செபத்துக்கு அடிக்கும் மணி அது. அவளுக்கும் பழக்கமான ஓசைதான்.

வயலில் மணியோசை கேட்பது அதிசயமில்லை. ஏழு வயலிலும் அது ஒரே அளவில், இம்மி பிசகாமல் கேட்டதுதான் அதிசயம். ஒரு வயல் கோயிலுக்கு எதிரே இருந்தது. இன்னொன்று இரண்டு கிலோமீட்டர் தள்ளி. ஏழும் கோயிலிலிருந்து ஒரே தூரத்துக்கு எப்படி நகர்ந்து வந்தன?

இன்னும் பத்து நாளில் மதிப்பீட்டுக் குழு கூடுகிறது. குழு சரி என்றால் நானூறு கண்மாய்களுக்கு வேர்ச்செவி போகும். இல்லையென்றால் நிலையத்தின் கிடங்குக்குப் போகும். அந்தக் கிடங்கில் உப்பு தாங்கும் விதைப் பொட்டலங்கள் இருந்தன. பூச்சியை மோப்பம் பிடிக்கும் பெட்டி இருந்தது. எல்லாம் நல்ல கண்டுபிடிப்புகள்; எதையும் எந்த விவசாயியும் தொட்டதில்லை. தன் குச்சியை அந்தத் தூசிக்குள் விடுவதில்லை என்று மங்கை மனதில் முடிவு செய்து வெகுநாளாகியிருந்தது.

மறுநாள் அந்த ஏழு வயல்களும் வழக்கம்போலத் தவித்தன. அதற்கு அடுத்த நாள் விடியுமுன் முதல் பஸ் ஏறினாள்.

*

வயலில் அவள் முதலில் பார்த்தது குழிகளை. குச்சி நட்டிருந்த இடத்தில் விரல் பருமனுக்கு ஓட்டை. ஒவ்வொரு ஓட்டைக்குப் பக்கத்திலும் அடையாளத்துக்கு ஒரு வைக்கோல் பிரியை முடிச்சுப்போட்டு வைத்திருந்தார்கள். திருடியவர்கள் இவ்வளவு பதவிசாக அடையாளம் வைத்துவிட்டுப் போகமாட்டார்கள்.

வரப்பில் இருளாயி மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்தாள். அந்தக் கண்மாயின் நீர்ப்பாய்ச்சி அவள். யாருடைய வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று முடிவு செய்து பாய்ச்சுவது அவள் குடும்பத்தின் வேலை. குச்சி வந்த பிறகு அந்த வேலையைக் குச்சி எடுத்துக்கொண்டது. வாய்க்காலில் தழை அடைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவளுக்கு மிச்சம்.

"வாங்கம்மா. இவ்வளவு வெள்ளென வந்திருக்கீக, சாப்பிட்டீகளா?"

"குச்சியெல்லாம் எங்கே இருளாயி?"

இருளாயி பொய் சொல்லவில்லை. "கோயிலுக்குப் போயிருக்கு," என்றாள்.

மாதா கோயிலின் பக்கச் சுவரையொட்டி, கை கழுவும் குழாயின் தண்ணீர் வடிகிற இடத்தில், கல்வாழை செழித்துக் கிடந்தது. அதன் நடுவில் ஏழு குச்சிகளும் வரிசையாக நின்றன. குளிருக்கு வந்து ஒண்டிய கொக்குகள் மாதிரி.

அங்கே காவலுக்கு உட்கார்ந்திருந்த வில்லாயுதம் அவளைப் பார்த்ததும் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார். விவசாயிகள் சங்கத்துத் தலைவர். காதுக் குடைச்சல் கேள்வியைக் கேட்டவரும் அவர்தான்.

"ஏ இருளாயி, கூட்டிட்டே வந்துட்டியா? ஒரு நாழி பேச்சுக் குடுத்து நிறுத்தியிருந்தா நட்டுட்டு வந்திருப்பம்ல!"

"கேட்டாக, சொன்னேன். நீங்க குழாயடில நட்டா அவுக கண்டுபிடிக்கமாட்டாகளாண்ணே?"

"ஏழு குச்சியையும் ஒரே இடத்துல நட்டிருக்கீங்களே," என்றாள் மங்கை. கோபமாகத்தான் ஆரம்பித்தாள், ஆனால் கேள்வி பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது. "தனித்தனியா வச்சிருந்தா நான் இன்னும் ரெண்டு வாரம் ஏமாந்திருப்பேன்."

"ஊர்ல ஈரம் இருக்கிறதே இந்த ஒரு இடம்தான் தாயி," என்றார் வில்லாயுதம்.

"எதுக்காக இதைச் செஞ்சீங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருளாயி, "வாங்க, காட்டுறேன்," என்றாள்.

*

வாய்க்கால் போய் முடிகிற இடத்தில், கடைமடையில், சூசைமாணிக்கத்தின் வயல் இருந்தது. வயலை ஒட்டியே அவன் வீடு. வீடு பூட்டிக் கிடந்தது. வயல் பச்சையாக நின்றது.

மங்கைக்கு அந்த வயலைத் தெரியும். திரையில் அது சிவப்பாக இருக்கும். பக்கத்தில் ஒரு சொல்: 'கைவிடப்பட்டது.' மற்றவர்களைவிட இருபது நாள் பிந்தி விதைத்த வயல். கண்மாயில் இருக்கும் தண்ணீர் அது கதிர் பிடிக்கும் வரை காணாது. ஆகவே அதற்கு விடும் தண்ணீர் வீண். அதை நிறுத்தி மற்ற வயல்களுக்குக் கொடுத்தால் ஊரின் மொத்த விளைச்சல் கூடும். இந்த விதியை எழுதியவள் அவள்தான். எழுதும்போது அது சரியாகவே இருந்தது.

"அவன் ஏன் பிந்தி விதைச்சான்னு உங்க குச்சிக்குத் தெரியுமா?" என்றாள் இருளாயி. "அவன் சம்சாரம் செபமாலைக்கு வயித்துல கட்டி. விதைக்கிற நேரத்துல ஆசுபத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சான். இப்ப நாப்பது நாளா மதுரையிலயே கிடக்கான். ஆபரேசன் அன்னைக்கு போன் பண்ணினான். 'இருளாயி, பயிர் எப்படி இருக்கு?'ன்னான். அன்னைக்குத்தான் உங்க மிசின் இவன் கதவைச் சாத்துச்சு. உள்ள பொண்டாட்டியைக் கொண்டுபோறாக. அந்த நேரத்துல நான் என்னத்தைச் சொல்ல? 'நல்லாருக்குண்ணே'ன்னுட்டேன்."

அவள் குனிந்து வரப்பில் ஒரு வெட்டைக் காட்டினாள். கையகலத்துக்கு வெட்டி, வைக்கோல் திணித்திருந்தது.

"பொய்யைச் சொல்லிட்டேன்ல? அதை மெய்யாக்கணும்ல?"

மங்கைக்குக் கணக்கு புரிந்தது. குச்சி ஒவ்வொரு நாளும் குறித்த அளவு தண்ணீரை வாய்க்காலில் விடும். எந்த வயல் தவிக்கிறதோ அதன் கதவைத் திறக்கும். எந்த வயலும் கேட்காத தண்ணீர் கடைமடைக்கு ஓடிவந்து இந்த வெட்டு வழியே உள்ளே பாயும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஏழு வயலின் குச்சிகளும் குழாயடியில் நின்று "எங்களுக்குத் தாகமில்லை" என்று சாட்சி சொல்லியிருக்கின்றன.

"உங்க பயிருக்கு நஷ்டமாச்சே," என்றாள் கூடவே வந்திருந்த வில்லாயுதத்திடம்.

"ஏக்கருக்கு ரெண்டு மூட்டை குறையும். குறைஞ்சா என்ன? தண்ணி பத்தலைன்னா ஆளாளுக்குக் கொஞ்சம் குறைச்சு எல்லாருக்கும் விடுறதுதான் இந்தக் கண்மாயோட முறை. இருளாயி பாய்ச்சும்போது நாங்க வாயால சொல்லுவோம், 'எனக்கு இன்னைக்கு வேணாம், அவனுக்கு விடு'ன்னு. உங்க குச்சிக்குக் காது இருக்கு, ஆனா இதை எப்படிச் சொல்றது? அதுக்குத் தெரிஞ்ச ஒரே பாஷை தாகம். அதான் தாகமில்லைன்னு சொல்ல வச்சோம்."

"எட்டு விவசாயி. ஏழு குச்சி கோயில்ல, சூசைமாணிக்கத்தோடது எட்டாவது. எங்க நிலையத்து மாதிரி வயல்ல ஒன்பதாவது குச்சி இருக்கே, அதை ஏன் தொடலை?"

மடைக்குப் பக்கத்தில் ஐம்பது சென்ட் நிலத்தை நிலையம் குத்தகைக்கு எடுத்திருந்தது. முழுத் தண்ணீர் பெற்றால் வேர்ச்செவியால் எவ்வளவு விளையும் என்று குழுவுக்குக் காட்டுவதற்கான வயல் அது. கண்மாய் வற்றினாலும் அதற்கு முதல் தண்ணீர்.

வில்லாயுதம் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "அது விருந்தாளி வயலாச்சேம்மா. விருந்துக்கு வந்தவுக இலையில கை வைப்பாகளா?"

*

இயக்குநர் நீலமேகத்துக்குக் கோயில் வராந்தாவிலிருந்து போன் செய்தாள். அவர் கெட்டவர் இல்லை. நான்கு நல்ல கருவிகள் கிடங்குக்குப் போவதைக் கண்ணால் பார்த்து, அதனால் பயந்துபோனவர்.

"குச்சியைப் பிடுங்கினாங்களா? மங்கை, இதை நீ எழுதித் தந்தா அந்த ஊரைப் பட்டியல்லேருந்து எடுத்துடணும். எழுதாம விட்டா நம்ம கணக்கெல்லாம் பொய். பேசாம இன்னைக்கே குச்சியைப் பழையபடி நட்டு, பூட்டுப் போட்டுட்டு வா."

"பூட்டினா அந்தக் கடைசி வயல் செத்துடும் சார்."

"அது ஏற்கெனவே கைவிட்ட வயல்தானே?"

"நாமதான் கைவிட்டோம். ஊர் விடலை." சற்று நிறுத்திச் சொன்னாள்: "சார், நாம எல்லா ஊர்லயும், 'இவங்க புதுசை ஏத்துக்க மாட்டேங்கிறாங்க'ன்னு எழுதுறோம். இவங்க ஏத்துக்கிட்டாங்க. ஒரு இடத்துல மட்டும் அது இவங்க பேச்சைக் கேட்கலை. அந்த இடத்துல பிடுங்கிட்டாங்க. அதை நான் சரிசெய்யணும். சாயங்காலம் வரைக்கும் நேரம் கொடுங்க."

"புதுக் கருவி எதுவும் சேர்க்கக் கூடாது. குழு கூட எட்டு நாள்தான் இருக்கு."

"சேர்க்கலை. காது இருக்கு, அது போதும்."

மணியடிக்கும் கோயில்பிள்ளை ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். யாரும் அவரைக் கேட்கவில்லை. மங்கை மடிக்கணினியைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். மணியைக் கேட்கத் தெரிந்த குச்சிக்குத் தட்டுவதையும் கேட்கத் தெரியும். தலையில் மூன்று தட்டு தட்டினால், 'என் முறையை இன்று விட்டுக்கொடுக்கிறேன்' என்று பொருள். அப்படி விட்ட தண்ணீர் அதிகம் தவிக்கும் வயலுக்குப் போகும், அது எந்த வயலாக இருந்தாலும். வேறு யாரும் தட்டி ஏமாற்றிவிடக் கூடாதே என்று இருளாயியின் போனுக்கு ஒரு செய்தி போகும். அவள் 'சரி' என்ற பிறகே கதவு திறக்கும்.

"என் வேலை திரும்ப வந்துருச்சா?" என்று இருளாயி எட்டிப் பார்த்தாள்.

"போகவே கூடாத வேலை அது. நான்தான் கவனிக்காம எடுத்துட்டேன்."

கடைசியாக, திரையில் அந்தச் சிவப்புச் சொல்லின் மேல் விரலை வைத்தாள். 'கைவிடப்பட்டது.' அதை அழித்தாள். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து, 'உதவி தேவை' என்று எழுதினாள். எழுதிய பிறகு, ஏழு வருடத்தில் இந்த இரண்டு சொல்லும் ஏன் தோன்றவில்லை என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பகல் பன்னிரண்டுக்கு மணி அடித்தது. மூன்று, மூன்று, மூன்று. வில்லாயுதம் ஒரு குச்சியைச் சந்தேகத்தோடு பார்த்தார். "ஏம்மா, இந்த மணியையும் தட்டுன்னு நினைச்சுட்டா? மாதா நாளைக்கு மூணு வேளை எங்க தண்ணியை எடுத்துக் குடுத்துருவாகளே!"

மங்கை வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, அதையும் திருத்தினாள்.

*

மாலைக்குள் ஏழு குச்சிகளும் தத்தம் குழிகளுக்குத் திரும்பின. வைக்கோல் முடிச்சுகளை அவிழ்த்துப் போட்டார்கள். விவசாயிகள் ஒவ்வொருவராக வந்து தட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கதவைத் தட்டுவதுபோல் ஓங்கித் தட்டினார். "மெதுவா, அது செவிடு இல்லை," என்றாள் இருளாயி.

ஏழு பேரின் விட்டுக்கொடுப்பையும் கூட்டி மங்கை கணக்குப் போட்டாள். சூசைமாணிக்கத்தின் பயிர் பூத்து, பால் பிடிக்க இன்னும் எட்டு நாள் தண்ணீர் வேண்டும். கிடைப்பது ஆறு நாளைக்கு. இரண்டு நாள் தண்ணீர் குறைந்தது.

திரும்பவும் போட்டாள். அதே விடை.

"ரெண்டு நாள்தானே, கடவுள் பாத்துக்குவார்," என்றார் வில்லாயுதம். அவரும் இருளாயியும் மடைப் பக்கம் மட்டும் பார்க்காமல் நின்றார்கள். விருந்தாளியின் இலையைப் பார்க்கக் கூடாது என்ற மரியாதை.

மங்கை தனியாக மடைக்கு நடந்தாள். மாதிரி வயல் அந்த வட்டாரத்திலேயே அழகாக நின்றது. குழு பார்க்கப்போவது இதை. ஏழு வருடத்துக்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி இது. இதன் தண்ணீரை விட்டால் கதிரில் பதர் கூடும். கண்ணில் படும் அளவுக்கே கூடும். நானூறு கண்மாய் எங்கே, ஒரு சூசைமாணிக்கம் எங்கே? அவனை அவள் பார்த்ததுகூட இல்லை.

அப்பனே, எனக்கு வழி காட்டு என்று கேட்டுக்கொண்டாள். வழி ஒன்றும் வானத்திலிருந்து இறங்கவில்லை. காலையில் வில்லாயுதம் சொன்ன வார்த்தைதான் திரும்ப வந்தது. விருந்தாளி வயல். எத்தனை நல்ல விருந்தாளியானாலும் ஒருநாள் கிளம்பிப் போகத்தான் வேண்டும். தன் வயல் இந்த ஊரின் முறையில் சேராதவரை, தன் குச்சியும் இந்த ஊருக்கு விருந்தாளிதான்.

குனிந்து, ஒன்பதாவது குச்சியின் தலையில் மூன்று தட்டு தட்டினாள்.

வரப்பின் அந்தக் கோடியில் இருளாயியின் போன் ஒலித்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு மடையைப் பார்த்தாள். "வில்லாயுதண்ணே," என்று போனை அவரிடம் நீட்டினாள்.

*

குழுக் கூட்டத்தன்று மங்கை எல்லாவற்றையும் சொன்னாள். குழாயடியை, கல்வாழையை, தட்டுவதை, தன் வயலின் தண்ணீரை விட்டதை, எதையும் மறைக்கவில்லை. நீலமேகம் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

குழுத் தலைவி ரஹீமா பீவி முப்பது வருடம் வேளாண்மைத் துறையில் கிராமம் கிராமமாக அலைந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க மாதிரி வயல் படத்தைப் பார்த்தேன். சுமார்தான். பக்கத்து வயலைவிட ஒண்ணும் ஒசத்தியா இல்லை. இதை வச்சு நானூறு கண்மாய்க்கு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது?"

"போட முடியாதுன்னு தெரியும்மா. ஆனா அந்தக் கடைசி வயல் பால் பிடிச்சிருச்சு. எட்டு பேருக்கும் அறுப்பு உண்டு. பக்கத்து ரெண்டு ஊர் நீர்ப்பாய்ச்சிங்க வந்து, 'அந்தத் தட்டுற குச்சி எங்களுக்கும் வேணும்'னு பேர் எழுதிக் கொடுத்திருக்காங்க. நாங்க யாரும் கூப்பிடலை."

"மனசால விட்டுக்கொடுக்கிறது ஒரு ஊர்ல நடக்கும். எல்லா ஊர்லயும் நடக்குமா?"

"தெரியாதும்மா. தட்டறதுக்கு ஒரு இடமாவது இருக்கணும்னு நினைக்கிறேன்."

ரஹீமா பீவி யோசனையோடு சுவரில் தெரிந்த திரையைக் காட்டினார். "இன்னைக்குக் காலை நிலவரம் இதுல தெரியுமா?"

மங்கை அன்றைய பக்கத்தைத் திறந்தாள். காலையிலிருந்து கூட்டத்துக்குத் தயார் செய்த அவசரத்தில் அவளே அதைப் பார்த்திருக்கவில்லை. திரையில் ஒரே ஒரு வரி இருந்தது.

விட்டுக்கொடுத்த வயல்: எட்டு, கடைமடை. பெற்ற வயல்: ஒன்பது, மாதிரி வயல். நீர்ப்பாய்ச்சி: சரி.

"எட்டுங்கிறது அந்தச் செத்துப்போக இருந்த வயல்தானே?" என்றார் நீலமேகம். கூட்டம் தொடங்கியதிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"ஆமா சார். ஆனா அவங்க மதுரையில..."

ஒலிப்பதிவைத் தட்டினாள். அறையில் அந்த வயலின் காலை நிறைந்தது. தூரத்தில் மணி அடித்து ஓய்ந்தது. ஈரமண்ணில் காலடிகள், ஒரு சோடி அழுத்தமாக, இன்னொரு சோடி நின்று நின்று. பிறகு குச்சியின் தலையில் மூன்று தட்டு. கனமான, உழவன் கை.

சற்று இடைவெளி.

மறுபடி மூன்று தட்டு. மிக மெல்லியதாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு, வேறொரு கை.

மங்கையின் போனில் இருளாயியின் செய்தி எப்போதோ வந்து கிடந்தது. 'நேத்து ராத்திரி ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்துட்டாக. செபமாலை எந்திரிச்சு நடக்குது. நான் சொன்ன பொய் மெய்யாயிருச்சும்மா.' அவள் அதை உரக்கப் படித்தாள்.

ரஹீமா பீவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோப்பை இழுத்தார். நானூறு என்று அச்சிட்டிருந்ததை அடித்து, 'முதலில் நாற்பது' என்று எழுதினார். அதற்குக் கீழே, 'மாதிரி வயல்களும் ஊர் முறைக்கு உட்பட்டவை' என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

பேனாவை மூடிவிட்டு மங்கையைப் பார்த்தார்.

"அந்த ரெண்டாவது தட்டு இருக்கே," என்றார், "அதை மட்டும் இன்னொரு தடவை போடும்மா."